துடைத்து வைத்த கண்ணாடி

பள்ளிக்கூட முக்கில் வண்டியைத் திருப்பியபோது மெர்யாவுக்கு இடப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. நவம்பரிலிருந்து ஒளிந்து கிடந்த சூரியன், மார்ச் பிறந்ததும் அடிவானத்தை விட்டு எழும்பக்கூடச் சோம்பல்பட்டு நேராகக் கண்ணுக்குள் வந்து நின்றது. வெயில் பட்ட மாத்திரத்தில் காரின் பக்கத்து ஜன்னல் கண்ணாடி முழுவதும் பாலேடு படர்ந்ததுபோல வெளுத்துவிட்டது. அந்த வெளுப்புக்குள்ளிருந்து ஒரு கிழவி, காலால் உந்தித் தள்ளிப் போகும் சறுக்கு நாற்காலியோடு வெளியே வந்தாள். மெர்யா பிரேக்கை மிதித்தாள். வண்டி உறைந்த சாலையில் ஒரு இழுப்பு இழுத்து, நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கிழவி அசரவில்லை. கையுறை போட்ட விரலால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள், உனக்கு இது இருக்கிறதா என்று. பிறகு மறுபடி உந்திக்கொண்டு போய்விட்டாள். பின்லாந்தின் இந்தக் கஜானி ஊரில் முன்பின் தெரியாதவரைத் திட்டுவதற்குக்கூட யாரும் வாயைத் திறப்பதில்லை.

மெர்யா கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டினாள். நாள் முழுக்க வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, காலுறை மாட்டிவிடுவதுதான் அவள் வேலை. அப்படிப்பட்ட ஒருத்தியையே இன்று சக்கரத்தில் வாங்கியிருப்பாள். இறங்கிக் கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தாள். ஒன்றிரண்டு கீறல் இல்லை. தலைமுடி கனத்தில் நூற்றுக்கணக்கான கோடுகள், வில் வில்லாக, ஒன்றின்மேல் ஒன்று. இடப்பக்கம், வலப்பக்கம், முன்னால், பின்னால், ஒன்றும் பாக்கியில்லை. குளிர்காலம் முழுக்க இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பியவளுக்கு இதைக் காட்டிக்கொடுக்க ஒரு வெளிச்சம் இல்லாமல் போயிருந்தது. யார் செய்தது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

அக்டோபரில் அவள் தன் புருஷன் ஹன்னுவை விட்டுப் போவதாக இருந்தாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போடப் பேச்சு வேண்டுமே. மகள் தம்பெரே நகரத்துக்குப் படிக்கப் போனபின் வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான். செப்டம்பரில் மெர்யாவுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரிக்குப் புருஷன் வந்தான், தங்கை வந்தாள், பூ வந்தது. மெர்யாவுக்கு ஃபோன் ஒருமுறை கிணுங்கியது: 'கீழே இருக்கேன்.' அவள் தையலைப் பிடித்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, தானே இறங்கிப் போனாள். இஞ்சினை அணைக்காமல் ஹன்னு உள்ளே உட்கார்ந்திருந்தான். வண்டி உள்ளே கதகதப்பாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் படிகளில் இறங்கும்போதே அவள் முடிவெடுத்துவிட்டாள். சந்தைத் தெருவில் ஓர் ஒற்றை அறை வீட்டைப் பார்த்தாள், சமையல் மேடையைத் தடவிப் பார்த்தாள், வீட்டுக்காரம்மாவிடம் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றாள்.

அந்தத் திங்கட்கிழமைதான் அது நடந்தது. நவம்பர் தொடக்கம். அடுக்குமாடியின் வண்டி நிறுத்தத்தில், குளிரில் இஞ்சினைச் சூடாக்க மின்சாரக் கம்பம் உள்ள நல்ல இடம் ஒன்று அப்போதுதான் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. பக்கத்துப் படிக்கட்டில் குடியிருக்கும் கிழவர் தொய்வானென், மனைவி இறந்து வண்டியையும் விற்றுவிட்டதால் காலியான இடம். காலையில் மெர்யா இறங்கி வந்தபோது மற்ற வண்டிகள் எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தன. அவள் வண்டியின் கண்ணாடிகள் மட்டும் கறுப்பாக, சுத்தமாக இருந்தன. யாரோ எல்லாக் கண்ணாடியையும் துடைத்து, சைடு மிரரைக்கூட விடாமல் துடைத்து வைத்திருந்தார்கள். ஹன்னு நகராட்சியின் பனி வாரும் வண்டி ஓட்டுபவன், அவளுக்கு வெகு முன்னாலேயே எழுந்து போய்விடுவான். போகிற போக்கில் செய்திருக்கிறான். வாயால் சொல்லத் தெரியாத மனுஷன், கையால் சொல்லியிருக்கிறான். மெர்யா வண்டிக்குள் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொன்னாள்.

அதன்பின் பனி விழுந்த ஒரு காலைகூடத் தவறவில்லை. நாலு மணிக்கே கிளம்பிவிடும் ஆள் துடைத்த கண்ணாடியில், ஏழு மணிக்கு ஏன் புதுப்பனி இல்லை என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை. மனசு நிறைந்திருக்கும்போது யார் கணக்குப் பார்க்கிறார்கள். டிசம்பரில் பின்லாந்தின் சுதந்திர தினத்தன்று மாலை, எல்லா வீட்டையும்போல ஜன்னலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு, "கண்ணாடிக்கு நன்றி" என்றாள். ஹன்னு மெழுகுவத்தியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "ம்" என்றான். அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு அவள் கிறிஸ்துமஸையும் ஜனவரியையும் பிப்ரவரியையும் ஓட்டினாள்.

இப்போது அதே கண்ணாடியைக் காட்டி, நீ கெடுத்துவிட்டாய் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவன் நிறுத்திவிடுவான். அவனைப் போன்றவர்கள் ஒருதரம் குறை கேட்டால் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சொல்லாவிட்டால், அடுத்த வெயில் நாளில் அடுத்த கிழவி. மெர்யா சுற்றுவழியில் போக ஆரம்பித்தாள். சூரியனுக்கு முதுகைக் காட்டும் தெருக்களாகப் பார்த்துப் போனாள். ஒவ்வொரு முக்கிலும் கண்ணாடியை இறக்கி, குளிர்காற்றில் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். எல்லா வீட்டுக்கும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள்.

கூட வேலை செய்யும் கிர்சி ஒருநாள் அந்த வண்டியில் ஏறினாள். வெயில் பட்டதும் கண்ணைச் சுருக்கினாள்.

"என்னடி இது, பாத்திரம் தேய்க்கிற நார்ல தேச்சியா?"

"நான் இல்ல. ஹன்னு. தெனம் காலைல துடைச்சு வைப்பான்."

"ஹன்னுவா? உங்க ஹன்னுவா?" கிர்சி விரலால் ஒரு கீறலைத் தடவினாள். "மணலோட சேத்துல்ல தேச்சிருக்கான். உம்மேல ஏதோ கோவம் அவனுக்கு. வாயால திட்டினா உனக்குக் கண்ணாடியாவது மிஞ்சியிருக்கும்."

மெர்யா சிரித்தாள். அடுத்த முக்கில் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை அடுக்குமாடியின் பொதுச் சௌனாவில், அந்த நீராவிக் குளியலறையில், அவர்கள் முறை. எதைப் பேசுவதானாலும் அங்கேதான் பேச முடியும். இருட்டும் ஆவியும் இருக்கும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மேல் பலகையில் ஹன்னு பக்கத்தில் உட்கார்ந்து, வியர்வை வழியும்வரை காத்திருந்து சொன்னாள்.

"கண்ணாடியெல்லாம் கீறலா இருக்கு ஹன்னு. வெயில் பட்டா ஒண்ணும் தெரியல. ஒரு பாட்டிய ஏத்தப் பாத்தேன்."

"எந்தக் கண்ணாடி?"

"எல்லாம். வட்ட வட்டமா. உன்னக் குத்தம் சொல்லல. பிரஷ்ல மணல் ஏதாவது ஒட்டிட்டிருந்திருக்கும்."

ஹன்னு அகப்பையில் தண்ணீர் எடுத்துச் சூடேறிய கல்லில் ஊற்றினான். ஆவி சீறிக்கொண்டு எழுந்து காதைச் சுட்டது. இதோ, போயிற்று, எல்லாம் போயிற்று என்று அவள் நினைத்தாள்.

"இருக்கும்" என்றான். "நாள் பூரா ரோட்டுல மணல் போட்டுட்டுத்தானே திரியறேன். என் தப்புதான்."

"தப்புன்னு யாரு சொன்னா."

"முன் கண்ணாடியக் கடையில மாத்திடலாம். அதத் தேச்சா அலை அலையாத் தெரியும். பக்கத்துக் கண்ணாடிய நானே தேச்சுக் குடுத்துடறேன். டிப்போல மிஷின் இருக்கு. அடுத்த சனிக்கிழமை."

அந்தக் குளிர்காலத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். மெர்யாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை, சரிசெய்து தருகிறேன் என்கிறான். இதற்காகவா இத்தனை நாள் முக்குக்கு முக்கு தலையை நீட்டிக்கொண்டு திரிந்தோம் என்றிருந்தது. மறுநாள் கடைக்குப் போய், கண்ணாடியில் கீறாத மெத்தென்ற பிரஷ் ஒன்று வாங்கி வந்தாள். திங்கட்கிழமை அவன் கிளம்பும்முன் எழுந்து, காப்பியோடு அதையும் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்தாள்.

எழுந்தபோது அவன் போயிருந்தான். பொழுது விடிகிற நேரம், வானம் சாம்பலாக வெளுத்திருந்தது. அதற்குள் துடைத்திருப்பானே என்று சமையலறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கண்ணாடிகள் வெள்ளையாக உறைந்திருந்தன. அவளுக்குச் சுருக்கென்றது. குறை சொல்லியாயிற்று, நிறுத்திவிட்டான். அப்போது பக்கத்துப் படிக்கட்டுக் கதவு திறந்தது. தொய்வானென் வெளியே வந்தார். கையில், படிக்கட்டு மணலைப் பெருக்கும் கட்டைத் துடைப்பம். நேராக அவளுடைய வண்டிக்கு நடந்தார். முதலில் முன் கண்ணாடி. பிறகு ஓட்டுநர் பக்கம். அவசரமில்லாமல், கைபழகிய வேலையாக, வட்ட வட்டமாகத் தேய்த்தார்.

மெர்யா இரவு உடுப்பின்மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். புது பிரஷ் கையிலேயே இருந்தது.

"தொய்வானென்?"

அவர் திடுக்கிட்டார். ஆறடி மனுஷர், துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார்.

"எழுப்பிட்டேனாம்மா?"

"என்ன பண்றீங்க?"

"பனி இருந்துச்சு" என்றார். அது போதாது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். துடைப்பத்தை முன்னால் கொண்டுவந்து அதையே பார்த்துக்கொண்டு பேசினார். "எங்க வீட்டுக்காரி ஹெல்விக்கு ஆஸ்பத்திரி சமையல்கட்டுல வேலை. கருக்கல்லயே போகணும். அவ வண்டி இந்த இடத்துலதான் நிக்கும். நான்தான் துடைச்சுத் தருவேன். கல்யாணம் ஆனதுலேருந்து. இப்ப அவளும் போனா, வண்டியும் போச்சு, பனிச் சுரண்டி வண்டிக்குள்ளயே இருந்துச்சு, அதுவும் போச்சு. இந்த முழிப்பு மட்டும் போக மாட்டேங்குதும்மா. கீழ வந்து பாத்தா இதே இடத்துல ஒரு வண்டி, மேல பனி. எப்படிச் சும்மா போறது?"

"எப்பலேருந்து?"

"நீங்க இங்க நிறுத்த ஆரம்பிச்ச அன்னிலேருந்துதான். ஏன், உன் வீட்டுக்காரன் சொல்லலியா?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "சொல்லியிருக்க மாட்டான். நான்தான் சொல்லாதேன்னேன். நவம்பர்லயே ஒருநாள் பாத்துட்டான். கிழவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு கட்டடம் பூராப் பேசுவாங்களேன்னு வெக்கமா இருந்துச்சு. யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்னான். நல்ல பையன்."

மெர்யாவின் கண் துடைப்பத்தின் நுனியில் போய் நின்றது. நாரின் இடுக்கெல்லாம் சிவப்பு மணல். சொல்லிவிடலாம். சொன்னால் இந்த மனிதர் நாளைக் காலை எழுந்து எங்கே போவார் என்று தெரியவில்லை. கையிலிருந்த பிரஷை நீட்டினாள்.

"இனிமே இதால துடைங்க."

அவர் அதை வாங்கி உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார். "மெத்துன்னு இருக்கே. இதுல ஐஸ் போகுமா?"

"போகும்."

"பாக்கலாம்" என்றார், நம்பிக்கையில்லாமல்.

அந்த வாரம் முழுக்க மெர்யா யாருக்கு எந்த மாத்திரை என்று ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தடவை சரிபார்த்தாள். தன்மேலேயே நம்பிக்கை போய்விட்டிருந்தது. ஹன்னுவுக்கு நவம்பரிலேயே தெரியும். டிசம்பரில் அவள் நன்றி சொன்னபோது 'ம்' என்றான். கிழவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினானா, இல்லை, வலிய வந்த நன்றியை விட மனமில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டானா? சௌனாவில் பழியையும் ஏற்றுக்கொண்டான். கிழவரைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது நல்ல குணம்தான், யார் இல்லை என்றார்கள். ஆனால் அவள் வீட்டை விட்டுப் போகாமல் இருந்தது கிழவருக்காக இல்லையே. அவளுக்குக் கோபம் வந்தது. கோபப்பட முடியாமல் பாவமாகவும் இருந்தது. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. எந்தக் கையைப் பார்த்து அவள் இந்த வீட்டில் தங்கினாளோ, அது ஹன்னுவின் கை இல்லை. புதன்கிழமை சந்தைத் தெரு வழியே போனபோது, அதே ஒற்றை அறை வீட்டின் ஜன்னலில் 'வாடகைக்கு' என்று மறுபடியும் ஒட்டியிருந்தார்கள். பார்க்காததுபோலத் தாண்டிப் போனவள், தெருக்கோடியில் வண்டியைத் திருப்பி இன்னொரு தரம் பார்த்துக்கொண்டு போனாள். சனிக்கிழமைவரை பொறுப்போம் என்று முடிவு செய்தாள். அவனாகச் சொல்லட்டும். 'நான் இல்லை' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் மற்றதை எல்லாம் பேசிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை டிப்போவில் ஆளில்லை. பனி வாரும் வண்டிகள் ஈரம் சொட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. ஹன்னு கதவின் ஓரங்களில் காகித டேப் ஒட்டினான், கண்ணாடி மெருகேற்றும் வெள்ளைத் தூளைத் தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்தான், டிரில்லில் கம்பளி வட்டைப் பொருத்தினான். ஒரு கிண்ணத்தில் தூள் கட்டிதட்டிவிட, அதைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். அவன் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறான் என்பதைக் காணவே அவளுக்குத் தாங்கவில்லை.

"நீ உள்ள உக்காந்து லைட்டப் புடி" என்றான். "ஒரு கையக் கண்ணாடில வச்சுக்கோ. சூடாச்சுன்னா உடனே சொல்லணும். இது முன் கண்ணாடி மாதிரி இல்ல. சூடு தாங்கலன்னா மொத்தமாப் பொடிப்பொடியாக் கொட்டிடும்."

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். டிரில் ரீங்கரிக்கத் தொடங்கியது. கண்ணாடியில் குழம்பு பரவி, அவன் முகம் மறைந்தது. அவள் உள்ளங்கைக்கு அந்தப் பக்கம் கம்பளி வட்டு சுற்றுவது மட்டும் தெரிந்தது. உறைபனி நேரத்தில் கண்ணாடி எப்படி இருக்குமோ அதேபோல வெள்ளையாக இருந்தது. லேசாகச் சூடு ஏறியதும் "சூடு" என்று கத்தினாள். அவன் நிறுத்தினான், தண்ணீர் தெளித்தான், காத்திருந்தான், மறுபடி தேய்த்தான். இப்படியே போயிற்று. அவன் தோள் வலியெடுத்திருக்க வேண்டும், டிரில்லைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தான். ஒவ்வொரு முறை துடைத்தபோதும் குனிந்து உள்ளே பார்த்துக் கேட்டான்.

"போயிடுச்சா?"

"கொஞ்சம் இருக்கு."

அது உண்மையாகத்தான் இருந்தது. விளக்கைச் சாய்த்தால் வில் வில்லாகக் கோடுகள் தெரிந்தன, முன்னைவிட மெலிதாக. அவள் அவன் வாயையே பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வருவதுபோல உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். பிறகு டிரில்லை எடுத்தான்.

"ஹன்னு" என்றாள், கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி. "நீ எதாவது சொல்லணுமா?"

அவன் நெற்றியில் குழம்பு தெறித்துக் காய்ந்திருந்தது. வெகுநேரம் அவளைப் பார்த்தான்.

"அடுத்த குளிருக்கு நல்ல சுரண்டியா ஒண்ணு வாங்கிக்கறேன்" என்றான். "ஏத்து கண்ணாடிய."

அவள் ஏற்றினாள். அவன் தேய்த்தான். இந்த முறை துடைத்ததும் கண்ணாடி இல்லாததுபோலவே ஆகிவிட்டது. விளக்கை எப்படிச் சாய்த்தாலும் ஒரு கோடு இல்லை. ஒரு முழத்துக்கு அப்பால் ஹன்னுவின் முகம், இத்தனை வருஷத்தில் பார்க்காத தெளிவோடு, தாடியில் நரைத்த ஒவ்வொரு முடியும் தெரிய, அங்கே நின்றது.

"போயிடுச்சா?"

"இல்ல" என்றாள் மெர்யா. "இன்னும் இருக்கு."

அவன் வெளிப்பக்கத்திலிருந்து குனிந்து தேடினான். கண்ணை இடுக்கினான். தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்தான்.

"எங்க?"

அவள் உள்ளேயிருந்து விரலால் தொட்டுக் காட்டினாள். அந்த இடத்தில் எதுவும் இல்லை. அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவன் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் அவளை. குழம்பைத் தொட்டு, அவள் விரல் இருந்த அதே இடத்தில் வட்டை வைத்து அழுத்தினான். டிரில் ரீங்கரித்தது. வெள்ளை பரவி அவன் முகத்தை மூடியது. அவள் உள்ளங்கையைக் கண்ணாடியில் ஒட்ட வைத்தாள். முதலில் வெதுவெதுப்பு வந்தது. அப்புறம் சூடு. அவன் நிறுத்தவில்லை, அவள் 'சூடு' என்று சொல்லட்டும் எனக் காத்திருந்தான். கை சுட ஆரம்பித்தது. அவன் முதலில் சொல்லட்டும் என்று மெர்யா கையை எடுக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை.